பிளேஸ் தியாஞ்: உரிமையும் அதன் விலையும்

மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, பிரெஞ்சுக் குடியரசின் பிரதிநிதிகள் சபையில் 1914 முதல் 1934 வரை இருபது ஆண்டுகள் செனெகலின் அங்கத்தினராக வீற்றிருந்த பிளேஸ் தியாஞின் சரித்திரத்தை ஆராய்வோர் பலர், அதை இரு கூறாகப் பிளந்து, முற்பாதியில் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய வீரர் ஒருவரையும் பிற்பாதியில் ஏகாதிபத்தியத்துக்கு ஊழியம் புரிந்த அதிகாரி ஒருவரையும் காண்கின்றனர். இந்தப் பிளவு பொருந்தாது என்பது என் துணிபு. 1915இல் அவர் வென்றெடுத்த சட்டத்துக்குள்ளேயே அவருடைய பிற்காலச் செய்கைகள் அனைத்தும் வித்தாக அடங்கியிருந்தன.

செனெகலுக்குப் பாரிஸில் ஆசனம் கிடைத்தது 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பயன். அடிமைமுறையை ஒழித்த அந்தக் குடியரசு, செனெகலின் பழைய துறைமுகப் பட்டினங்களான சேன் லூயி, கோரே வாசிகளுக்கு வாக்குரிமை அளித்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மறைந்த அவ்வுரிமை, அவன் வீழ்ந்தபின் மீண்டும் தளிர்த்தது. ரூஃபிஸ்கும் தாக்காரும் பிற்பாடு சேர, நான்கு நகராட்சிகள் என்ற அமைப்பு நிலைபெற்றது. வாக்காளருள் பெரும்பான்மையோர் கறுப்பராயிருந்தும், அவ்வாசனத்தில் அமர்ந்தவர்கள் வெள்ளையரும் கலப்பினத்தாருமே. அதே 1848இல் நம் புதுச்சேரியும் பாரிஸுக்குப் பிரதிநிதியை அனுப்பும் உரிமை பெற்றது. ஆயினும் இரு நாடுகளின் வழிகளும் பின்னர் வேறாயின. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் குலத்துக்கும் சமயத்துக்கும் உரிய சட்டத்தைத் துறந்தவர்களே பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வந்தனர். செனெகல் பட்டினங்களின் முஸ்லிம்களோ, விவாகத்திலும் தாயபாகத்திலும் இஸ்லாமிய முறையை விடாமலே பிரஜைகளாக விளங்க விரும்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனி அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது இதுவே. வாக்களிப்பதால் மட்டும் ஒருவர் பிரஜை ஆகிவிடுவதில்லை என்று வாதித்து, அவ்வுரிமையைச் சிறிதுசிறிதாகக் குறைக்க அவர்கள் முற்பட்டிருந்தனர்.

உரிமை பறிபோய்விடுமோ என்று பட்டினவாசிகள் கொண்ட அச்சத்தின் நடுவேதான் தியாஞ் பிரவேசித்தார். 1872இல் கோரேத் தீவில் எளிய குடியில் தோன்றி, கலப்பினக் குடும்பமொன்றால் வளர்க்கப்பட்டு, சுங்க இலாகாவில் சேர்ந்து, தஹோமே, காங்கோ, ரெயூனியன், மடகாஸ்கர், பிரெஞ்சு கயானா என இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர்தோறும் மாற்றப்பட்ட அவர், 1914 மே 10இல் தேர்தலில் வென்று, கலப்பற்ற ஆப்பிரிக்க வம்சத்தவருள் அச்சபையில் செனெகலின் சார்பில் அமர்ந்த முதல்வரானார். சில மாதங்களில் மகாயுத்தம் மூண்டது. பட்டினவாசிகளைப் பிரெஞ்சுப் படையிலே, ஏனைய பிரெஞ்சுக்காரரோடு சமமாகச் சேர்க்கவேண்டும் என அவர் கோரியதன் பயனே 1915 அக்டோபர் 19ஆம் நாள் சட்டம். அதைப் பின்பற்றி 1916 செப்டம்பர் 29இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், நான்கு நகராட்சிகளில் பிறந்தோரும் அவர்தம் சந்ததியாரும் பிரெஞ்சுப் பிரஜைகளே என ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. சமயத்தைத் துறக்காமல் பிரஜாவுரிமை பெறுவது அந்தக் காலத்துப் பிரெஞ்சு சாம்ராஜ்யத்தில் அரிதினும் அரிது. இவ்வளவில் அவருடைய சாதனை மகத்தானது என்பதை நான் மனமார ஒப்புகிறேன்.

ஆனால் அந்த உரிமை எதன்மேல் நிறுவப்பட்டது? படைக்குச் சென்று உயிரைக் கொடுக்கும் கடமையின்மேல். இரத்தத்தைக் கொடுத்து உரிமையைப் பெறுவது நியாயமெனில், மேலும் இரத்தம் கேட்கும்போது மறுக்க வழியில்லை. 1917 வசந்தத்தில் ஷெமேன் தே தாம் போர்க்களத்தில் செனெகல் படைகள் பெருந்தொகையாக மடிந்தபோது, அவர்களை அவ்வாறு பலியிட்ட தளபதி மாஞ்சேனைச் சபையில் கடுமையாகக் கண்டித்தவர் தியாஞே. அவ்வாறு கண்டித்தவரே, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிரதமர் கிளெமன்சோவின் வேண்டுகோளை ஏற்று, கவர்னர் ஜெனரலுக்கு நிகரான அந்தஸ்துடன் ஆள்சேர்க்கப் புறப்பட்டார். மேற்கு வோல்டாப் பிரதேசத்தில் 1915-16இல் ஆள்சேர்ப்பை எதிர்த்துப் பெருங்கலகம் வெடித்து அடக்கப்பட்டிருந்த நிலையில், இன்னும் ஆள் கேட்பது நாட்டைப் பாழாக்கும் எனக் கருதிய கவர்னர் ஜெனரல் வான் வோலென்ஹோவன் பதவியைத் துறந்து போர்முனைக்குத் திரும்பி, அவ்வாண்டு ஜூலையில் உயிர்நீத்தார். தியாஞோ, வழக்கு விசாரணையின்றித் தண்டிக்கும் சுதேசித் தண்டனை முறையிலிருந்து போர்வீரர்க்கு விலக்கு, வீரப்பதக்கம் பெற்றோர்க்குப் பிரஜாவுரிமை, தாக்காரில் வைத்தியப் பள்ளி முதலிய வாக்குறுதிகளைக் கையிலேந்தி, மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார். லீஜியன் ஆஃப் ஹானர் விருதை வழங்க முன்வந்தபோது, கடமையைத்தானே செய்தேன் என்ற கருத்தில் அவர் மறுத்துவிட்டார்; அவரைக் கூலிக்காரர் என்பார் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. தியாஞைத் தேர்ந்தெடுத்தவர்கள் நான்கு பட்டினங்களின் வாக்காளர் மட்டுமே. அவர் சேர்த்த வீரர்களோ, ஒரு கோடிக்கு மேற்பட்ட வாக்கற்ற குடிகளின் பிள்ளைகள். வாக்கும் சட்டமும் பட்டினத்தார்க்கு. படையும், வழக்கு விசாரணையின்றி அதிகாரி விதிக்கும் தண்டனையும், சாலைக்கும் ரயிலுக்கும் கட்டாய வேலையும் உள்நாட்டார்க்கு. ஒருவர் பெற்ற உரிமைக்கு வேறொருவர் விலை கொடுத்தார் என்பதே இந்த அமைப்பின் அநீதி. தியாஞ் அதை உண்டாக்கவில்லை. ஆனால் அதன் எல்லைக்குள் நின்றே உயர்ந்தார். எல்லையை உடைக்கத் துணியவில்லை.

பிறகு நிகழ்ந்தவை இதன் விரிவே. 1919இல் பாரிஸில் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுடன் கூட்டிய அகில ஆப்பிரிக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியும், பிரெஞ்சு ஆட்சியை அதில் புகழ்ந்தார். 1923இல், செனெகல் வாணிபத்தில் ஆதிக்கம் செலுத்திய போர்தோ வணிகர்களோடு உடன்பாடு செய்துகொண்டார். ஆள்சேர்ப்பில் தலைக்கு இவ்வளவு எனக் கைநீட்டினார் என்று எழுத்தாளர் ரெனே மாரான் எழுதியதை எதிர்த்து 1924இல் வழக்காடி வென்றார். 1930இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் மாநாடு கட்டாய உழைப்பைத் தடைசெய்ய முயன்றபோது, பிரான்ஸின் சார்பில் எழுந்து அந்த வழக்கத்துக்காகப் பரிந்து பேசினார். மறு ஆண்டில் காலனி இலாகாவின் உபமந்திரி பதவி வந்தது. உழைப்பையும் உயிரையும் தேசத்துக்குக் கொடுப்பது கடமை என 1915இல் சொன்னவர், 1930இலும் அதையேதான் சொன்னார், அவர் மாறவில்லை. கடமை மட்டும் சுமந்து உரிமை காணாத மக்களை நோக்கி அதைச் சொன்னதுதான் கொடுமை.

1934 மே மாதத்தில் அவர் மறைந்தார். ஜெனீவாவில் அவர் காத்த கட்டாய உழைப்பு, பதினாறு ஆண்டுகள் கழித்து, 1946 ஏப்ரல் 11இல், பாரிஸ் மன்றத்திலேயே, ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த மற்றொரு மேற்கு ஆப்பிரிக்கப் பிரதிநிதியான ஹூஃபுவே-புவாஞியின் பெயர் தாங்கிய சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், செனெகல் பிரதிநிதி லாமீன் கெயின் பெயரால் வந்த சட்டம், நான்கு பட்டினங்களின் பிரஜாவுரிமையைக் கடல்கடந்த பிரதேசங்களின் குடிகள் அனைவர்க்கும் உரியதாக்கிற்று.