இரண்டு அடிமை ஓலைகள்

“நான் உன் அடிமை” என்று காதலன் கடிதம் எழுதுகிறான். அதையே சொல்லிப் பக்தன் சந்நிதியில் நின்று உருகுகிறான். வட்டிக்காரனிடம் கைநாட்டு வைத்துவிட்டு அவன் வயலில் உழைத்துத் தேய்ந்தவனும் அடிமைதான். மூன்று பேருக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறது. முதல் இருவரும் நினைத்த மாத்திரத்தில் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூன்றாமவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இந்த வித்தியாசம் விளங்க வேண்டுமானால் சற்றுக் கூச்சம் தருகிற ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். வயது வந்த இரண்டு பேர், ஒருவர் ஆணையிடுவது, மற்றவர் பணிவது என்று மனமொப்பி ஏற்பாடு செய்துகொண்டு வருஷக் கணக்கில் சேர்ந்து வாழ்கிறார்கள். சிலர் அதில் வலியையும் கலந்துகொள்வதுண்டு. பெருநகரங்களில் இவர்களுக்குச் சங்கங்கள்கூட இருக்கின்றன. கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்கு முகம் சுளிக்கும். இரண்டையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, சரித்திரத்திலிருந்து இரண்டு ஓலைகளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் ஓலை நம்முடையது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம், 1201-ம் ஆண்டு. சோழ நாட்டைப் பஞ்சம் பிடித்தாட்டியது. திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுவிட்டார். கல்வெட்டு இதைச் சொல்கிறது. இப்படிப்பட்ட பத்திரத்துக்கு அக்காலத்தில் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்று பெயர் வழங்கியது. ‘இசைவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வயிறு காய்ந்தவனிடம் வாங்கிய சம்மதத்தையும் இசைவு என்றுதான் எழுதி வைத்தார்கள். அந்த இரண்டு பெண்களை யாராவது கேட்டிருப்பார்களா?

இரண்டாவது ஓலை ஐரோப்பாவில் எழுதப்பட்டது. 1869-ம் ஆண்டு டிசம்பர் மாதம், லியோபோல்ட் வான் ஸாஹர் மஸோக் என்ற நாவலாசிரியர், பான்னி பிஸ்டர் என்ற மாதுக்கு ஆறு மாதம் அடிமையாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பசியுமில்லை, கடனுமில்லை, முழுக்க முழுக்க ஆசை. ஆனால் ஷரத்துகளைப் படித்தால் ஆசாமி லேசுப்பட்டவரல்ல என்று தெரியும். மானக்கேடான எதையும் செய்யச் சொல்லக் கூடாது. எழுத்து வேலைக்காகத் தினம் ஆறு மணி நேரம் விட்டுவிட வேண்டும். கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் எஜமானி பார்க்கவே கூடாது! எழுதிப் பிழைக்கிற எங்களில் எத்தனை பேருக்கு, சுதந்திரப் பிரஜையாக இருந்தும், தினம் ஆறு மணி நேரம் கிடைக்கிறது?

அந்த அனுபவத்தை வைத்து 1870-ல் அவர் ஒரு நாவல் எழுதினார். இருபது வருஷம் கழித்து கிராப்ட்-எபிங் என்ற மனோதத்துவ வைத்தியர் அவர் பெயரிலிருந்தே ‘மாஸோகிஸம்’ என்ற வார்த்தையைச் செய்துவிட்டார். மனிதர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

கதை அதோடு முடியவில்லை. 1873-ல் அவர் ஒரு பெண்ணை மணந்தார். நாவலின் கதாநாயகியைப் போலவே அவளும் எஜமானியாக நடிக்க வேண்டும், சவுக்கு எடுக்க வேண்டும், அந்நிய ஆடவரை நாட வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். அந்த அம்மாள் 1906-ல் எழுதிய சுயசரிதையில் தாம் பட்ட பாட்டையெல்லாம் கொட்டியிருக்கிறார். பேருக்கு அவள் எஜமானி; அவர் அடிமை. ஆனால் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லி ஓய்ந்தவள் அவள். சவுக்கு யார் கையில் இருந்தது என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

இது ஏதோ மேல்நாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த வாத்ஸ்யாயனர், காதலில் அடிப்பதற்கென்றே காமசூத்திரத்தில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். முரட்டு அடிகள் சில தென்னாட்டார் வழக்கம் என்று நம்மையே சுட்டிக் காட்டுகிறார். சோழ ராஜன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை இப்படியே கொன்றுவிட்டான். குந்தள நாட்டுச் சாதகர்ணி தன் பட்டத்து ராணி மலையவதியைக் கொன்றுவிட்டான் என்று எச்சரிக்கிறார். ஒரு தேசத்துப் பழக்கத்தை இன்னொரு தேசத்தில் செய்யாதே, உயிருக்கு ஆபத்தானதை எங்குமே செய்யாதே என்பது அவர் தீர்ப்பு.

அதே அத்தியாயத்தில் பெண்கள் எழுப்பும் ஒலிகளுக்கு ஒரு பட்டியல் தருகிறார். ‘அம்மா’, ‘போதும்’, ‘விடு’ என்ற பொருளுள்ள சொற்களும் அதில் உண்டு. இங்கேதான் சிக்கல். ‘விடு’ என்பதும் விளையாட்டின் பாஷை என்றால், நிஜமாகவே விடச் சொல்பவள் என்ன சொல்வாள்? சித்திரசேனை என்ன சொல்லியிருப்பாள்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவில் ‘தோல் சமூகம்’ என்று பெயர் வாங்கிய கூட்டத்தார். அமிர்திக் காட்டைவிட்டு இறங்கினால் வேலூர். அங்கிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, கிழக்கே ராணிப்பேட்டை. தோல் என்றால் நமக்குச் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் சம்பள நாளுந்தான். அவர்களுக்கோ அது கொடி மாதிரி. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, மோட்டார் சைக்கிளும் தோல் சட்டையுமாகத் திரிந்த ஆண்களிடையே அந்த வழக்கம் வேரூன்றியது. 1974-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸிந்தியா ஸ்லேட்டர் என்ற பெண் முன்னின்று ‘ஜேனஸ் சங்கம்’ தோன்றியது. ஜேனஸ் ரோமாபுரியின் வாசல் தெய்வம்; அவனுக்கு இரண்டு முகம்.

இத்தகைய சங்கங்கள் முக்கியமாகச் செய்த வேலை போதிப்பது. எது கூடும், எது கூடாது என்று முன்னதாகவே பேசிக்கொள். உடம்புக்கு ஊறு வராத முறையைக் கற்றுக்கொள். விளையாட்டில் தற்செயலாக வராத ஒரு சொல்லைத் தேர்ந்து வைத்துக்கொள். அந்தச் சொல் காதில் விழுந்த கணமே எல்லாம் நிற்க வேண்டும். பத்து வருஷம் பணிந்திருந்தவரும் அதைச் சொல்லலாம். மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டும் போகலாம். எல்லோரும் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விதி என்று ஒன்று இருந்தால்தானே மீறியவனைத் தட்டிக் கேட்க முடியும்?

நம் நாட்டில் 2011-ல் ‘கிங்கி கலெக்டிவ்’ என்ற குழு தோன்றி இதே பாடத்தைப் பொது மேடையில் பேசத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு நோய்ப் பட்டியல், மனமொத்த பெரியவர்களின் இந்த விருப்பத்தை நோய்க் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நம் சட்டம் பொழுதுபோக்குக்காக வாள் வீசி விளையாடுகிற இருவரை 1860-லிருந்தே உதாரணம் காட்டுகிறது. பதினெட்டு வயது நிரம்பியவர் இசைந்தால், கொடுங்காயமோ சாவோ நேரக்கூடும் என்றில்லாத வரையில், பட்ட காயம் குற்றமாகாது. ஆனால் பயத்தால் வந்த சம்மதம் சம்மதமே அல்ல என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அந்தச் சட்டத்தை 2023-ல் புதிதாக எழுதினார்கள். வாள் வீசுகிறவர்கள் அப்படியே இடம் பெயர்ந்து வந்தார்கள். கூடவே, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைப் பலாத்காரம் செய்யும் கணவனைக் குற்றத்திலிருந்து விலக்கி வைக்கும் பழைய வரியும் வந்து சேர்ந்தது.

யாரோ சில விசித்திரப் பிறவிகள், அடிமை வேஷம் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசி, ‘நிறுத்து’ என்பதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் ஜாதகம் பார்க்கிறோம், சீர்வரிசை பேசுகிறோம், லக்னப் பத்திரிகை எழுதுகிறோம். பெண்ணுக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுத்தனுப்ப நமக்குத் தோன்றியதில்லை.