ஓர் ஆழாக்கு உளுந்து எத்தனை கிராம்?

அம்மா எழுதித் தந்த குறிப்பில் ‘உளுந்து ஓர் ஆழாக்கு’ என்றிருக்கிறது. ஹைதராபாத் பேகம் பஜாரில் நான் வாங்கிய பொட்டலத்தில் கிராம் மட்டுமே உண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்வது எளிது என்றுதான் முதலில் நினைத்தேன்.

தமிழ் இலக்கணம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதில்லை. தொல்காப்பியத்தின் தொகைமரபு அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியே பெயரிட்டே பேசுகிறது. முகந்து அறிவது அளவு. தூக்கி அறிவது நிறை. சோழர் கல்வெட்டுகளிலும் நெல்லும் பருப்பும் நெய்யும் நாழியாலும் உழக்காலும் அளக்கப்படுகின்றன. சர்க்கரையோ பலத்தால் நிறுக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரே இடப்பட்டிருந்தது.

2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. ஆக, நாழியில் எட்டிலொரு பங்கு ஆழாக்கு. ஆங்கிலேயர் காலச் சென்னையிலும் 8 ஆழாக்கு சேர்ந்ததே ஒரு படி. பின்னம் மாறவில்லை. பாத்திரம் மாறிவிட்டது.

எவ்வளவு மாறியது என்பதைத் தானியங்களே சொல்கின்றன. கணக்கதிகார மரபில் வழங்கும் வாய்பாடு ஒன்று, ஒரு படி கொள்ளும் மணிகளை எண்ணித் தருகிறது: அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,200. (எள்ளை எண்ணிய புண்ணியவானை நினைத்தால் முனைவர் பட்ட ஆய்வு இலேசாகத் தோன்றுகிறது.) பாசிப்பயற்றில் நூறு மணிகளை எண்ணி நிறுத்தேன், மூன்றரை கிராம். 14,800 மணிக்கு 518 கிராம். ஒரு லிட்டர் பயறு ஏறத்தாழ 800 கிராம் என்பதால், அந்தப் படி சுமார் 650 மில்லி லிட்டர்தான். சென்னைப் படியோ சுமார் 1.6 லிட்டர். முன்னதன் ஆழாக்கில் 65 கிராம் பயறு; பின்னதன் ஆழாக்கில் 160 கிராம். அக்காலப் பயறு இன்றையதைவிடச் சிறுத்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் கூடும். சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று மக்கள் அடைமொழி இட்டு வழங்கியது வீணன்று. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது வேறொரு வழக்கு. அதில் அளப்பவர் கையே நீதிபதி.

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அம்மையார் உளுந்தம்பருப்பைச் ‘சோலெடு’ என்கிறார். தெலுங்கில் 4 கித்த ஒரு சோல, 2 சோல ஒரு தவ்வ, 2 தவ்வ ஒரு மானிக. அந்த ‘எடு’ என்னும் விகுதி அழகானது: குப்பெடு, தோசெடு, சோலெடு, தவ்வெடு. கையோ கலமோ, அது நிறையக் கொள்ளும் அளவு என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. கிராமுக்கு அந்த விகுதி ஒட்டாது.

1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டமும் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மெட்ரிக் எடைகளும் பருப்பை அளவிலிருந்து நிறைக்கு மாற்றின. வணிகருக்கு அது நியாயமே. தட்டவும் குவிக்கவும் தராசில் இடமில்லை. சமையற்கட்டில் மட்டும் படி நிலைத்ததற்குப் பழமைப்பற்று காரணமன்று என்பது என் கருத்து. இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்னும்போது பாத்திரம் எதுவாயினும் விகிதம் கெடுவதில்லை. ஒரே பொருளை மட்டும் தனியே கேட்கும் குறிப்பில்தான் சிக்கல் எழுகிறது. அங்கே எந்த அட்டவணையும் உதவாது. எழுதியவரின் பாத்திரம் வேண்டும்.

ஆகவே அம்மாவை அழைத்து, அவருடைய ஆழாக்கில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி நிறுக்கச் சொன்னேன். தண்ணீர் 180 கிராம். அதை 0.8-ஆல் பெருக்க, உளுந்து ஏறத்தாழ 145 கிராம். எண் கணக்கதிகாரத்துக்கும் பொருந்தவில்லை, சென்னைப் படிக்கும் பொருந்தவில்லையே என்றேன். முப்பது ஆண்டுகளாக அவர் ஆழாக்கு என்று சொல்லிவருவது கல்யாணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் டம்ளராம்.