தப்பு விடைகளைச் சேர்த்தவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். உதவித்தொகைக்கு ஈடாக முதலாண்டு மாணவர்களின் இயற்பியல் வீட்டுப்பாடத்தைத் திருத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே எண்கள். ஒருவன் பெருக்கலில் சறுக்கினால் அதே வரியில் பத்துப் பேர் சறுக்கியிருப்பார்கள். மேலே எறிந்த பந்தின் படத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, 'கை கொடுத்த விசை' என்று எழுதியிருப்பார்கள். சிவப்பு மையில் சுழித்து இரண்டு மதிப்பெண் குறைப்பேன். அடுத்த தாள்.

இந்த வேலையைக் கணினியிடம் தள்ளும் ஆசை அப்போதே பழையது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960இலேயே 'பிளேட்டோ' என்ற பாடம் நடத்தும் கணினியைத் தொடங்கிவிட்டார். காப்பியடிப்பதற்கு மருந்து 1992இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வந்தது. எட்வின் காஷியும் சகாக்களும் உருவாக்கிய அந்த நிரலின் பெயர் 'காப்பா'. கேள்வி ஒன்றுதான், எண்கள் ஆளுக்கு ஆள் வேறு. விடையைத் தட்டினால் சரியா தவறா என்று அங்கேயே சொல்லிவிடும். தவறென்றால் மறுபடி முயலலாம்.

எண்ணைத் திருத்துவது எளிது. கருத்தை இயந்திரம் எப்படித் திருத்தும்? வழி காட்டியவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டனீஸும். 1985இல் அவர்கள் வெளியிட்ட தேர்வு, முதலில் மாணவர்களைச் சொந்த வார்த்தையில் எழுத வைத்துப் பிறந்தது. மாணவர்கள் அடிக்கடி செய்த தப்புகளே பிறகு விடைத் தெரிவுகளாயின. காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஏறும் பந்தின்மேல் புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் கை கொடுத்த விசையும் கூடவே போகிறது என்று நம்புகிறவனுக்கு, அவன் நம்பிக்கையே ஒரு தெரிவாக எதிரே நிற்கும்.

குருட்டாம்போக்கில் அடித்துவிடலாமே? அதற்கும் காப்பாவில் வழி செய்தார்கள். ஒரே கேள்வியின் கீழ் பல கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 'அதிகம், குறைவு, சமம்' என்று மூன்று தெரிவுகள். எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஐந்து கூற்று என்றால் 243 விதமாக விடை சொல்லலாம், அதில் சரியானது ஒன்றே. கூற்றுகளும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பக்கத்து அறைக்காரனிடம் "விடை என்ன?" என்று கேட்டுப் பயனில்லை, "எப்படி?" என்றுதான் கேட்க வேண்டும்.

பழைய தாள்கட்டுகள் இப்போது நினைவுக்கு வருகின்றன. ஒரே அம்புக்குறியை எத்தனை முறை சுழித்திருப்பேன்! ஒரு முறையாவது எண்ணிப் பார்த்திருந்தால், அடுத்த வாரத்துக் கேள்வி என் கையிலேயே இருந்திருக்கும்.