நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை

தஞ்சோங் டாவாய் - மேண்டல் செல் லிம்போமா எனும் அரிய நிணநீர்ப் புற்றுநோய்க்கு, உடல் தாங்கக்கூடியவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதுண்டு. மலேசியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. இன்று அம்பாங் மருத்துவமனை இத்துறையின் தேசிய மையம்.

இது அறுவைச் சிகிச்சையன்று. நோயாளியின் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து உறையவைத்து, பின் கடுமையான கீமோதெராபி கொடுப்பர். புற்றுநோயைக் கொல்வது அந்த மருந்துதான். மஜ்ஜையும் சேர்ந்தே அழியும். சேமித்த செல்களை இரத்தம் ஏற்றுவதுபோல் திரும்பச் செலுத்தினால், சுமார் இரண்டு வாரங்களில் மஜ்ஜை மீளத் தொடங்கும். அதுவரை சிறு கிருமித் தொற்றும் ஆபத்தே.

நோய் திரும்பினால் சிலருக்குப் பிறரது செல் தேவைப்படும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடே வாய்ப்பு. தோட்டம் விட்டுச் சிதறிய குடும்பங்களில் அவர்களைக் கூட்டுவதே பெரும்பாடு. பொருத்தம் பரம்பரைவழி வருவதால், வெளியே தேடும்போதும் தமிழ் நோயாளிக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரிடையேதான் கிடைப்பார். மலேசிய ஸ்டெம் செல் பதிவேட்டில் நம்மவர் பெயர் கூடினால்தான் அந்தத் தேடலுக்குப் பலன் உண்டு.