பழவேற்காட்டுக் கண்ணாடிக் கோலிகள்: காலக்கணிப்பு நோக்கு

1613இல் ஒல்லாந்தர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய ஊர் பழவேற்காடு. ஆகவே ஏரிக்கரை மீனவர் குப்பங்களில் பழைய கண்ணாடிக் கோலியொன்று கிடைப்பின், அதனை ஒல்லாந்தர் காலத்தது எனக் கொள்ளத் தோன்றும். காலவரிசை இக்கருத்துக்கு இடந்தரவில்லை. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவ்வூர் 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கண்ணாடிக் கோலிகள் பெருமளவில் உற்பத்தியானதோ, செருமனியின் லௌஷா பகுதியில் 1840களில் கோலி வெட்டும் கத்தரி புழக்கத்திற்கு வந்த பின்னரே ஆகும்.

எனவே, காலத்திற்கான சான்றைக் கோலியிலேயே தேடுதல் வேண்டும். கைவினைக் கோலியின் முனைகளில் கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டிய வடு இருக்கும். பிற்கால இயந்திரக் கோலிகளில் அது காணப்படாது. வண்ண இழையின்றி வெளிர்பச்சையாக உள்ளது சோடாப் புட்டிக் கோலியாகலாம். ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற அப்புட்டியில், வாயு அழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தோடு சேர்த்து வாயை அடைக்கும். உடைந்த புட்டியிலிருந்தே சிறுவர் கோலியைப் பெற்றனர். கோலி சோடா தமிழகத்தில் இன்றும் விற்கப்படுவதால், அக்கோலி மட்டும் பழமைக்குச் சான்றாகாது.

சேகரிப்போர் கோலியை மெருகிட்டால் வடு அழியும்; கிடைத்த இடத்தைக் குறிக்காவிடின் சூழற்சான்று அழியும். ஆய்வின்றி இடப்படும் ‘ஒல்லாந்தர்’ என்னும் அடைமொழி, பிற்கால மீனவச் சிறுவரின் விளையாட்டு வரலாற்றை மறைத்துவிடும்.