கெலிங் என்னும் சொல்லும் சங்கிலிக் கதையும்



சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். முதல்நாள் மாலை திடலில் பந்து விளையாடியபோது யாரோ அவனைக் 'கெலிங்' என்று கேலி செய்திருக்கிறார்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டிருக்கிறான். நம்மவர்களைக் காலில் சங்கிலியிட்டுக் கப்பலில் கொண்டு வந்தார்களாம். நடக்கும்போது எழுந்த 'கிலிங், கிலிங்' ஓசையே பெயராயிற்றாம்.

"நாம கைதிங்களா ஐயா?" என்று கேட்டான்.

புக்கிட் ரோத்தான் தோட்டத்து லயத்தில் நானும் இக்கதையைக் கேட்டு வளர்ந்தவன். ஆசிரியரான பின்னரும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பிழை.

'கெலிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் திரிபு. கலிங்கம் இன்றைய ஒடிசாக் கரை, தமிழகமன்று. ஆயினும் அக்கரையிலிருந்து வந்த வணிகர் பெயர், மலாய் வழக்கில் தென்னிந்தியர் அனைவர்க்கும் ஆகிவிட்டது. 1612-ஆம் ஆண்டு முன்னுரையைக் கொண்ட 'செஜாரா மெலாயு' கெலிங் நாட்டை மன்னர்கள் ஆண்ட நாடாகவே பேசுகிறது. பிரிட்டிஷார் பினாங்கில் காலூன்றியதோ 1786-இல்தான். இந்தியக் கைதிகள் இங்கு வந்தது அதற்குப் பின்னர். தோட்டப்புறத்து நம் முன்னோர் கைதிகளுமல்லர்; கங்காணிகள் ஆள் திரட்ட, கூலி வேலைக்கு வந்தவர்கள். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தெனாமாரத்தில், நம் கோல சிலாங்கூரிலேயே தொடங்கியது.

பினாங்கில் 1801-இல் பள்ளிவாசல் எழுப்பிய காதர் முகைதீன் 'கப்பித்தான் கெலிங்' என்னும் பட்டத்தைப் பெருமையாகவே தாங்கினார். பள்ளிவாசலுக்கு இன்றும் அதே பெயர். ஆனால் கூலிகளாக நாம் பெருகப் பெருக, சொல்லும் தாழ்ந்தது. சிங்கப்பூரில் 1920-களின் தொடக்கத்திலேயே இந்தியர்கள் முறையிட்டு, கெலிங் தெருவைச் சூலியா தெரு ஆக்கினர். ஆகவே, "பழைய பெயர்தானே, ஏன் கோபம்?" என்று கேட்போரின் வாதமும் எனக்கு உடன்பாடில்லை. (பிறர் சிரிக்கிறார்கள் என்பதற்காக 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயரே பெஸ்தாரி ஜெயா ஆகவில்லையா?) பட்டணத்துத் தமிழர் சிலர் நம் பிள்ளைகளைத் 'தோட்டக்காட்டான்' என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இவற்றில் பாதியை மட்டுமே அவனிடம் சொன்னேன். இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கணக்குப் புத்தகத்தின் பின்தாளில் கழித்துப் பார்த்தான்.

"174 வருசம் முன்னாடியே அந்தப் பேரு இருந்திருக்கு ஐயா. பாட்டிகிட்ட சொல்றேன்" என்றான்.