சிங்கப்பூர்: உலகமயமாதலும் பொதுச் சுகாதாரமும்

சிங்கப்பூரின் பொதுச் சுகாதார வரலாற்றில் பெரும்பகுதி அதன் துறைமுகத்தின் வரலாறுதான். சரக்கையும் கூலியாட்களையும் ஏற்றி வந்த கப்பல்களிலேயே காலராவும் பெரியம்மையும் வந்து இறங்கின. 1873இல் காலரா பரவியதை அடுத்து, 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்கள், சீனத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள், ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள் எனப் பலரும் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டனர். கப்பல் தளத்தில் படுத்து வந்த ஏழைப் பயணிகளே பெரும்பாலும் அடைபட்டார்கள்.

1925இல் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பு தன் கிழக்கத்திய நோய்த்தகவல் நிலையத்தைச் சிங்கப்பூரில் அமைத்தது. ஆசியத் துறைமுகங்களின் பிளேக், காலரா, அம்மை நிலவரம் வாரந்தோறும் தந்தியில் இங்கு வந்து சேரும். இங்கிருந்து வானொலி வழியே மற்றத் துறைமுகங்களுக்குச் செல்லும். உலக சுகாதார நிறுவனம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஏற்பாடு இது. ஜப்பானியப் படையெடுப்போடு முடிவுக்கு வந்தது.

விமான யுகத்தில் எல்லாம் வேகமாயிற்று. 2003 பிப்ரவரியில் ஹாங்காங் ஹோட்டல் ஒன்றில் தங்கித் திரும்பிய பயணியோடு சார்ஸ் நுழைந்தது. 238 பேர் நோயுற்றனர், 33 பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் மருத்துவப் பணியாளர்கள். டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதன் அருகில் எழுந்த தேசிய தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் 2019இல் திறக்கப்பட்டது, அடுத்த பெருந்தொற்றுக்குச் சில மாதங்கள் முன்பாக.

எல்லாம் தொலைதூரத்திலிருந்தே வருகிறது என்று சொல்லிவிடவும் முடியாது. 2016 ஆகஸ்டில் சிம்ஸ் டிரைவ் கட்டுமானத் தளத்தில் வெளிநாட்டு ஊழியர்களிடையே ஸிக்கா பரவியபோது, பிரேசிலிலிருந்து வந்திருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். மரபணு ஆய்வோ அந்தக் கிருமி தென்கிழக்காசியாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த வகை என்று காட்டியது.

கொவிட்-19தான் மிகக் கடுமையான பாடம். 2020 ஜனவரி 23இல் வூஹானிலிருந்து வந்த பயணியிடம் முதல் தொற்று உறுதியானது. தொடர்புத் தடமறிதலுக்காகச் சிங்கப்பூரை அப்போது உலகமே பாராட்டியது. ஏப்ரலில் நிலைமை தலைகீழாயிற்று. லிட்டில் இந்தியாவின் முஸ்தஃபா சென்டரில் உருவான தொற்றுக் குழுமத்துக்கும் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளுக்கும் தொடர்பு இருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்தது. பொங்கோலில் உள்ள எஸ்11, தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் ஆகிய விடுதிகள் ஏப்ரல் 5இல் தனிமைப்படுத்தப்பட்டன. அவற்றில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தனர். விடுதிகளில் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். தமிழ்நாடு, ஆந்திரம், பங்களாதேஷ், சீனம் என்று பல ஊர்க்காரர்கள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அடுக்குக் கட்டில்களில் படுத்து, ஒரே சமையலறையையும் கழிப்பறையையும் பங்கிட்டுக்கொண்டவர்களிடம் இடைவெளி விடச் சொல்வதில் பொருளில்லை. 2020 டிசம்பருக்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு.

வேலை அனுமதியில் வருபவர் காசநோய், எச்ஐவி உள்ளிட்ட சோதனைகளில் தேறியாக வேண்டும். தேறாதவர் ஊர் திரும்ப வேண்டியதுதான். உள்ளே வரும் உடலைச் சோதித்த அக்கறை, அந்த உடல் படுக்கும் அறைமீது 2020 வரை அதே அளவுக்கு இருந்ததில்லை. கிருமி எந்த விமானத்தில் வந்தது என்பதைவிட, இறங்கிய பின் எங்கே தங்கியது என்பதே பரவலின் அளவைத் தீர்மானித்தது.

நகரம் மெல்லத் திறந்த பிறகும் விடுதிக் கதவு திறக்க வெகுகாலமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நண்பர்களைப் பார்ப்பதும், சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்புவதும் நின்றுபோயின. 2022 ஜூனில் விடுதியிலிருந்து வெளியேறும் அனுமதி முறை தளர்ந்தபோதும், ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்லத் தனி அனுமதி வேண்டியிருந்தது. மற்ற வேலை அனுமதிக்காரர்கள் பலருக்கும் குடிமக்களுக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை.

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான விதிகள் வந்தன: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர். 2022 ஏப்ரல் முதல் விடுதிவாசிகளுக்கு முதலாளிகள் செலவில் அடிப்படை மருத்துவத் திட்டமும் உண்டு. பழைய விடுதிகள் இடைக்கால விதிகளை 2030க்குள் எட்டினால் போதும். புதிய விதிகளை முழுமையாக எட்ட 2040 வரை அவகாசம்.